உங்க நாயை நீங்களே பிடிங்க

விடிந்ததும் முதல் வேலை நாய்ப்பீ வழிக்கிறது. மரியாதையாகச் சொல்ல வேறு வார்த்தை இருந்தால் படித்தவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். பார்வோ என்கிற வயிற்றுநோய் வந்த நாய்க்குட்டிகள் ராத்திரியெல்லாம் ரத்தமாகக் கழிந்திருக்கும். கூண்டுக்குள் தலையை விட்டு, டிரிப் குழாய் பிய்ந்துவிடாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வழித்து வாளியில் போடவேண்டும். பினாயில் ஊற்றினால் பினாயிலும் நாறும், பீயும் நாறும், இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று நாறும். காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்தால் பாலாற்றுப் பக்கமிருந்து தோல் பதனிடுகிற ஷாப்பு வாடை வந்து முகத்தில் அடிக்கும். இந்த ஊரில் மூக்கோடு பிறந்ததே தப்பு.

பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூர் போகிற ஹைவேயில் இருக்கிற தனியார் கால்நடை மருத்துவக் கல்லூரி இது. வீட்டில் வளர்க்கிற பிராணிகளுக்கென்று அவசரப் பிரிவும் ஐ.சி.யூ.வும் தனிக் கட்டிடத்தில் இருக்கின்றன. ஏ.சி. உண்டு, ஆக்சிஜன் கூண்டு உண்டு, இதயத் துடிப்பைக் கோடு கோடாகக் காட்டுகிற பெட்டி உண்டு. நான் அமிர்தவள்ளி, இங்கே கான்ட்ராக்ட் ஆள். எங்கள் வேலைக்குக் காகிதத்தில் என்னவோ இங்கிலீஷ் பேர் போட்டிருக்கிறார்கள். நாங்கள் சொல்லிக்கொள்வது ‘பிடிக்கிறவங்க’. ஊசி போட, ரத்தம் எடுக்க, எக்ஸ்ரே எடுக்க, எதற்கும் பிராணி அசையாமல் இருக்கவேண்டும். அதை மார்போடு அணைத்து, கழுத்தை வளைத்துப் பிடிக்கிறது நாங்கள். பல் இருக்கிற பக்கம் எப்போதும் நாங்கள்தான்.

மாணவர்கள் சேர்ந்ததுமே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுகிறார்கள். நல்ல விஷயம், யார் வேண்டாம் என்றது? எங்களுக்கு மட்டும் ‘அடுத்த மாசம்’. நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த அடுத்த மாசம் வந்தபாடில்லை. பல் இறங்காத தடித்த தோல் கிளவுஸ், முழங்கை வரைக்கும் வருகிறது, அதில் ஒரு ஜோடி இருக்கிறது. எங்கே இருக்கிறது? வராந்தாவில், கண்ணாடி அலமாரிக்குள், பூட்டுப் போட்டு! கட்டிடத்துக்குப் பணம் கொடுத்த கங்காதரன் சார் திறப்பு விழா அன்றைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. அவருக்கு ஆம்பூர்ப் பக்கம் கிளவுஸ் கம்பெனி. போட்டோ எடுத்தார்கள், உள்ளே வைத்தார்கள், பூட்டினார்கள். இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஊரில் பாதிப் பேர் கிளவுஸ் தைக்கிறார்கள், நாங்கள் வெறுங்கையோடு நாய் பிடிக்கிறோம். த்தூ!

இந்தச் சங்கதி நடந்த அன்றைக்கு என்கூடக் கூண்டு கழுவிக்கொண்டிருந்தவள் மெர்சி. பாகாயத்துப் பெண், பி.காம். முடித்தவள். பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே இங்கே வேலை பார்த்தாள். அவள் அப்பா தோல் ஷாப்பில் மூச்சுக் கெட்டு வீட்டில் படுத்துவிட்டவர். அவள் வேலைதான் அந்த வீட்டுக்கு அடுப்பு. நாயைப் பிடித்திருக்கும்போது அதன் காதில் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள்.

“இன்னாடி ஓதறே அதுங்கிட்ட?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“வாய்ப்பாடுக்கா. எனக்கும் பரீட்சைக்கு ஆச்சு, அதுக்கும் தூக்கம் வருது.”

அன்றைக்கு நாங்கள் கழுவி முடிக்கவில்லை, ஒரு பெரிய கார் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. கங்காதரன் சாரே இறங்கினார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பின்னால் டிரைவர் கோவிந்தசாமி ஒரு ராட்வெய்லர் நாயைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தார். கன்றுக்குட்டி கனம் இருக்கும். அதன் வாயிலிருந்து கோழை நூல் நூலாக வடிந்து அவருடைய காக்கிச் சட்டை நெஞ்செல்லாம் நனைந்திருந்தது. கங்காதரன் சார் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி நாலடி தள்ளியே நடந்து வந்தார்.

“மேஜர் சாப்பிட மாட்டேன்றான். ஒரே வாந்தி. சீக்கிரம் பாருங்க.”

டூட்டியில் இருந்தது ரோஷினி டாக்டர், மேற்படிப்பு படிக்கிற சின்ன வயசுக்காரர். வடிகிற கோழையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. கோழை வடிந்து, விழுங்க முடியாமல் தவித்தால் முதலில் எதற்குப் பயப்படவேண்டும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

“வெறிநோய் ஊசி போட்டிருக்கீங்களா சார்?”

“எல்லாம் போட்டாச்சு.”

“எப்போ போட்டது?”

“எல்லாம் போட்டாச்சும்மா. நான் யாருன்னு தெரியுமில்ல?”

“தெரியும் சார். முதல்ல வாயைக் கட்டிடலாம்.”

மெர்சி துணி நாடாவைக் கையில் எடுத்தாள்.

“ஏய், என் பிள்ளை வாயையா கட்டுவே?” என்று கத்தினார் கங்காதரன். “மூச்சு முட்டிப்போகும் அவனுக்கு. மேஜர் குழந்தை மாதிரி. யாரையும் ஒண்ணும் பண்ணமாட்டான்.”

ரோஷினி டாக்டர் சுவரைப் பார்த்தார். அங்கே பளிங்குக்கல்லில் கங்காதரன் பேர் பொன் எழுத்தில் இருக்கிறது. கட்டு என்று மறுபடி சொல்லாமல் ஊசியை எடுத்தார். மெர்சியும் நாடாவைக் கீழே வைத்துவிட்டு மேஜரின் கழுத்தை வளைத்துப் பிடித்தாள். “ஈரெண்டு நாலு, மூவிரண்டு ஆறு” என்று ஆரம்பித்தாள். ஊசி தோலைத் தொட்டதுதான் தாமதம், மேஜர் திரும்பிவிட்டது.

உறுமக்கூட இல்லை. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதையில் பல் இறங்கியது. எத்தனையோ கடி பார்த்திருக்கிறேன், பயந்த நாய் ஒரு கடி கடித்துவிட்டு விலகும். இது விடவே இல்லை. பழகின தின்பண்டத்தை மெல்லுவதைப் போலத் தாடையை அசைத்து அசைத்து மென்றது. கூட வேலை செய்கிற ஜான் பாஷா பாய் ஓடி வந்து போர்வையைத் தலையில் போட்டு இறுக்கின பிறகுதான் மெர்சியின் கை வெளியே வந்தது.

“இன்னாம்மா பிடிக்கிறீங்க?” என்றார் கங்காதரன். “பாரு, குழந்தை பயந்துட்டான்!”

என் காதால் கேட்டேன். பாவி, குழந்தை பயந்துவிட்டதாம்!

மெர்சியைக் குழாயடிக்கு இழுத்துப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கடிபட்டால் முதல் வைத்தியம் அதுதான், நிறைய நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவவேண்டும். தொட்டி சிவந்து ஓடியது. அவள் அழவில்லை. உதடு மட்டும் வெள்ளையாகியிருந்தது.

“அவரு பொய் சொல்றாருக்கா,” என்றாள். “எப்போன்னு கேட்டதுக்கு பதிலே வரல, பாத்தீங்கல்ல?”

அதற்குள் மகேந்திரன் வந்துவிட்டான். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். நாங்கள் வழிக்கிற இடத்துக்கு மறந்தும் வராதவன், கங்காதரன் வந்திருக்கிறார் என்றதும் சென்ட் அடித்துக்கொண்டு ஓடி வந்திருந்தான்.

“வண்டி தர்றேன் மெர்சி, கவருமெண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கோ. அங்க கேட்டா மட்டும், வேலைக்கு வர்ற வழியில தெரு நாய் கடிச்சிதுன்னு சொல்லிடு.”

“ஏன் சார்?”

“சார் பேரு கெடும், காலேஜ் பேரு கெடும். நம்ம கான்ட்ராக்டே போய்டும். ஒரு வார்த்தைதானே.”

“தெரு நாய்னு சொல்லிட்டா வெறி இருக்குதான்னு மேஜரை யாரு சார் பத்து நாள் அடைச்சி வச்சிப் பாப்பாங்க? வீட்டுக்குக் கூட்டிக்கினு போய்டுவாரு. அது செத்துப்போனா எனக்கு யாரு சொல்லுவா?”

“படிச்ச பொண்ணுன்னு ஜாஸ்தி பேசாதே. சொன்னா நாளைக்கு வேலை இருக்குது. சொல்லலன்னா நீ வரவேணாம். அவ்ளோதான்.”

காலையிலிருந்து பீ வழித்தபோது வராத குமட்டல் எனக்கு அப்போது வந்தது. அவன் சென்ட் வாடை வேறு. “மகேந்திரா,” என்றேன். சார் என்று வரவில்லை வாயில். “நாய் வாயைக் கட்டக்கூடாது, மெர்சி வாயைக் கட்டணும். இதான் உங்க வைத்தியமா?”

அவன் வண்டியை மெர்சி வேண்டாம் என்றுவிட்டாள். பிராணிகளைக் குளிப்பாட்டுகிற மோகனாவைத் துணைக்குச் சேர்த்து ஷேர் ஆட்டோவில் அனுப்பினோம். ஆஸ்பத்திரியில் என்ன சொல்லப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. அப்பா முகம் அவள் கண் முன்னால் நிற்கும்போது நான் எந்த வாயால் கேட்பது?

குளிப்பாட்டுகிற அறையில் நாங்கள் எல்லாரும் கூடினோம். ஜான் பாஷா பாய் ஆரம்பித்தார்.

“வேலைய அப்டியே போட்டுட்டு ரோட்டுல போய் உக்காரலாம்,” என்றார். “இதுக்கு மேலயும் பேஜார் தாங்க முடியாது.”

“உக்காந்தா உள்ள இருக்கிற குட்டிங்க செத்துரும் பாய்,” என்றேன். “டிரிப்பு யாரு பாப்பா? நாளைக்கி ஊரே சொல்லும், நாய்ங்கள சாவடிச்சவங்கன்னு. அவங்களும் அதைத்தான் எதிர்பாக்குறாங்க.”

ஆக்சிஜன் கூண்டைப் பார்த்துக்கொள்கிறவள் பேர் தபஸ்ஸும். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “பெருக்குறோம், கழுவுறோம், டிரிப்பு பாக்குறோம். அல்லாம் செய்றோம். வாய் கட்டாத நாயைப் பிடிக்கிறது மட்டும் வேணாம். என் பிள்ளை, என் பிள்ளைன்றாருல்ல? பெத்தவரே பிடிக்கட்டும்.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாய்தான் முதலில் சிரித்தார். அந்த நாளில் நாங்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை. பேச்சு முடிந்தது.

போர்வையோடு வைத்தே மேஜருக்கு எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். வயிற்றுக்குள் வட்டமாக ஒரு உலோகப் பித்தான், அதைச் சுற்றி அடைத்துக்கொண்டு என்னவோ ஒன்று. ரோஷினி டாக்டர் சொன்னார், “இது அடைச்சிருக்கிறதாலயும் கோழை வடியலாம் சார். வெறிநோய் இல்லைன்னும் இப்ப சொல்ல முடியாது. ஆனா உடனே வயித்தைத் திறக்கலன்னா தாங்காது. மயக்க ஊசி போடணும்.”

“போடுங்க,” என்றார் கங்காதரன். எங்களைப் பார்த்தார். “பிடிங்கப்பா.”

யாரும் நகரவில்லை.

“காது கேக்கல?”

“நல்லா கேக்குது சார்,” என்றேன். “உங்க நாயை நீங்களே பிடிங்க.”

அவருக்கு முதலில் புரியவே இல்லை. இப்படி ஒரு வாக்கியத்தை அவர் ஆயுசில் கேட்டிருக்கமாட்டார். புரிந்ததும் கழுத்து நரம்பு புடைத்தது.

“திமிரா? இந்தக் கட்டடமே நான் கட்டிக் குடுத்தது!”

“கட்டடம் கடிக்காது சார். உங்க நாய் கடிக்குது.”

“பின்ன எதுக்கு உங்களுக்கு சம்பளம்?”

“பிடிக்கத்தான். வாயைக் கட்டிட்டுப் பிடிக்கிறதுக்கு. எங்களுக்கும் தடுப்பூசி போட்டுட்டுப் பிடிக்கிறதுக்கு. அதோ கண்ணாடிக்குள்ள கெடக்குதே உங்க கிளவுஸு, அதை மாட்டிக்கினு பிடிக்கிறதுக்கு.”

மகேந்திரன் குறுக்கே வந்தான். “எல்லாரும் வெளில போங்க. வேற ஆள் ஆயிரம் பேர் கெடைப்பான்.”

“கூப்பிடு,” என்றார் பாஷா பாய். “இப்பதான் ஒரு கையை மென்ன நாய் இது, வாய் தொறந்துகினு இருக்குது, வந்து பிடின்னு சொல்லிக் கூப்பிடு. எவன் வர்றான் பாக்கலாம்.”

மேஜர் முனகியது. அந்தச் சத்தம் கேட்டதும் என் கை தன்னால் நீண்டது. பழக்கதோஷம். நாய் என்ன பாவம் செய்தது? தபஸ்ஸும் என் முழங்கையை இறுகப் பற்றிக்கொண்டாள். வலித்தது, ஆனாலும் அவள் பிடியை விடவேண்டாம் என்றுதான் இருந்தது எனக்கு.

“கோவிந்தசாமி! நீ வந்து பிடி.”

கோவிந்தசாமி சுவரோரம் நின்றிருந்தார். கோழை காய்ந்த சட்டை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. வந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசி நாங்கள் கேட்கவில்லை.

“முடியாது மொதலாளி.”

“இன்னாது?”

கோவிந்தசாமி முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி மேலே சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தழும்பு. சதை பள்ளமாகக் குழிந்திருந்தது. வெயில் காலத்தில்கூட அந்த மனுஷன் முழுக்கைச் சட்டை போட்டதன் காரணம் அதுதான்.

“போன பொங்கலப்போ என்னைக் கடிச்சிது. தெரு நாய்னு சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். ஆஸ்பத்திரில எம் பொண்டாட்டியை பக்கத்துல வச்சிக்கினே பொய் சொன்னேன்.” அவர் ரோஷினி டாக்டர் பக்கம் திரும்பினார். “இதுக்கு ஒரு ஊசியும் போட்டது கெடையாது டாக்டரம்மா. குட்டியா வந்ததுலேருந்து நான்தான் பாத்துக்கறேன். கம்பெனில ரிஜெக்ட்டான கிளவுஸைக் குடுத்து கடிக்கப் பழக்கினாங்க, காவலுக்கு நல்லா கடிக்கணும்னு. அதுக்குக் கைன்னாலே கடிக்கிற சாமான்தான். அதும் மேல தப்பில்ல.”

அப்போதுதான் எனக்கு மெர்சியின் கையை அது மென்ற விதம் நினைவுக்கு வந்தது. சொந்த நாய்க்குப் போடவேண்டிய ஊசியைப் போடாமல், மனுஷன் கையைக் கடிக்க மட்டும் சொல்லிக்கொடுத்து, பிறகு அதைப் பிள்ளை என்கிறான் ஒருத்தன். மலத்தை வழித்துப் போட்டால் தரை சுத்தமாகிவிடும். இதை எதைப் போட்டுக் கழுவுவது?

“நீ இனிமே என் காரைத் தொடாதே,” என்றார் கங்காதரன்.

“சாவியை மேஜை மேல வச்சிட்டேன் மொதலாளி.”

ரோஷினி டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். “வாயைக் கட்டாம நான் போடமாட்டேன் சார். மெர்சியைக் கடிச்சது இந்த நாய்தான், ஐ.சி.யூ.லதான் கடிச்சிது. யார் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்லுவேன்.” காலையில் வராத குரல் அது.

கங்காதரன் நாடாவை எடுத்தார். வேறு வழி? முன்னால் போனார், மேஜர் அவர் விரலுக்கே வாயைத் திறந்தது. துள்ளிப் பின்னால் வந்து தன் பேர் போட்ட கல்லிலேயே முதுகை இடித்துக்கொண்டார். மறுபடி போனார். நாய் அவர் வெள்ளைச் சட்டை மேல் பச்சையாக வாந்தி எடுத்தது. பாஷா பாய்க்கு மனசு கேட்கவில்லை. “முன்னாடி போவாதீங்க சார், பின்னாலேருந்து வாங்க. ஆங், அப்டித்தான்,” என்று நின்ற இடத்திலிருந்தே சொன்னார். கடைசியில் அவர் கையாலேயே, வேர்க்க விறுவிறுக்க, பிள்ளையின் வாயைக் கட்டினார். மூச்சு ஒன்றும் முட்டவில்லை அதற்கு.

முடிச்சு விழுந்ததும் நாங்கள் ஒரு நொடி நிற்கவில்லை. நாலு பேர் பாய்ந்து பிடித்தோம். மேஜர் அசையவில்லை. ஊசி ஏறியது.

ஆபரேஷன் முடிந்து ரோஷினி டாக்டர் ஒரு தட்டோடு வெளியே வந்தார். தட்டில் ஒரு கிளவுஸ். பித்தமும் கோழையும் சொட்டச் சொட்ட, ஐந்து விரலும் சுருண்டு கிடந்தது. மணிக்கட்டுப் பித்தான் மட்டும் பளபளவென்று இருந்தது. அந்த நாற்றத்தில் எனக்கே ஓங்கரித்தது. நாய் பிழைத்துக்கொள்ளும், பத்து நாள் இங்கேயே அடைத்து வைத்துப் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். கங்காதரன் தட்டை எட்டிப் பார்த்தார்.

“எக்ஸ்போர்ட் பீஸ் இல்ல,” என்றார். “ரிஜெக்ட்டுதான்.”

அவர் வாயில் வந்த முதல் வார்த்தை அது. நாய் வயிற்றுக்குக் கிளவுஸ், எங்கள் கைக்கு நாய்ப்பல். இதைத்தான் இவர்கள் கம்பெனி நடத்துகிறது என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

அவர் போன கையோடு மகேந்திரன் வாசலில் நின்று அறிவித்தான். இன்றைக்கு எதிர்த்து நின்றவர்கள் யாருக்கும் நாளைக்கு வேலை இல்லையாம். நாங்கள் வாசற்படியில் உட்கார்ந்தோம். முறை வைத்து ரெண்டு பேர் உள்ளே போய் டிரிப்பையும் ஆக்சிஜனையும் பார்த்துவிட்டு வந்தார்கள். மதிய ஷிஃப்டுக்கு வந்தவர்கள் என்ன சங்கதி என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டார்கள். கோவிந்தசாமியும் போக இடம் இருந்தும் போகாமல் ஓரமாக வந்து உட்கார்ந்தார்.

வெயில் சாய்கிற நேரத்தில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. மெர்சி மோகனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கடிவாயைச் சுற்றிலும் ஊசி குத்தியதில் கை வீங்கியிருந்தது. நாங்கள் இங்கே இத்தனை கூத்தும் ஆடிவிட்டோம், இவள் தெரு நாய் என்று சொல்லிவிட்டு வந்திருந்தால்? சொல்லியிருந்தாலும் தப்பு என்று சொல்ல எனக்கு மனசில்லை.

“இன்னாடி சொன்னே அங்க?”

“எங்க கடிச்சிது, எந்த நாய்னு கேட்டாங்கக்கா.” அவள் குரல் சோர்ந்திருந்தது. “ஐ.சி.யூ.ல, வேலை செய்யும்போதுன்னு சொன்னேன். நாய் பேரு மேஜர்னு சொன்னேன். யாரோட நாய்னாங்க. அதையும் சொல்லிட்டேன்.”

இங்கே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து சொன்னதை அவள் அங்கே தனியாகச் சொல்லியிருக்கிறாள். அடி என் தங்கமே என்று அவள் தலையைப் பிடித்து நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன்.

“வேலை போய்டும்ல அக்கா?”

“போனா அல்லாருக்கும் போவும். உக்காரு.”

கோவிந்தசாமி நகர்ந்து இடம் விட்டார்.

அந்நேரம் ஒரு ஆட்டோ அலறிக்கொண்டு வந்தது. ஹைவேயில் பூ விற்கிற பாக்யலட்சுமி, லாரியில் அடிபட்ட நாட்டு நாயைப் புடவை முந்தானையில் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினாள். “யாராச்சும் பிடிங்கம்மா, புண்ணியமாப் போவும்!”

பாஷா பாய் தோளில் கிடந்த துண்டை நீட்டினார். “வாயைக் கட்டும்மா, நாங்க பிடிக்கிறோம்.”

அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அந்த நாயின் நெற்றியை ஒரு தரம் தடவிவிட்டு இறுக்கிக் கட்டினாள். படியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்தோம். மெர்சியும் எழுந்தாள்.

“நீ கையை வைக்காதே,” என்றேன். “வாய்ப்பாடு மட்டும் சொல்லு.”

அவள் சொன்னாள். பாஷா பாயும் கூடவே சொன்னார், தப்புத் தப்பாக. நாயைத் தாங்கிக்கொண்டு வராந்தாவில் போகும்போது கண்ணாடி அலமாரி பூட்டியபடியே இருந்தது. நாயின் பின்னங்காலைத் தாங்கிப் பிடித்திருந்த கோவிந்தசாமி அதைப் பார்த்துவிட்டு, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.

“அதைத்தான்ணா நாளைக்கி அல்லாரும் சேர்ந்து கேக்கப் போறோம்,” என்றேன்.